ஸ்டீரிங் ஆட்டம்: ரேக் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

பிறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 1999ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டக்கென்று சத்தம் வருகிறது, ஸ்டீரிங்கும் தளர்ந்திருக்கிறது. ஒரு பட்டறையில் ஹாஃப்கட் ரேக், அதாவது பழைய காரிலிருந்து எடுத்த ரேக், போடச் சொல்கிறார்கள். இன்னொருவர், ரேக்கில் உள்ள திருகை இறுக்கினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்காதீர்கள் ஐயா. ரேக் என்பது, ஸ்டீரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும், பல் வெட்டிய தண்டு உள்ள பாகம். முதலில் உங்கள் கண் முன்னே காரைத் தூக்கச் சொல்லுங்கள். ஃபோர்மேன் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கட்டும். ஆட்டம் இருந்தால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். மேலும் கீழுமாக அசைக்கும்போது ஆடினால், சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது சக்கர பேரிங். இவை எதற்கும் முழு ரேக் தேவையில்லை. பிறகு காரை இறக்கி, ஒருவர் ஸ்டீரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல் வைத்துப் பார்க்கட்டும். தேய்ந்த மூட்டு எதுவென்று விரலுக்கே தெரிந்துவிடும்.

திருகை இறுக்கும் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் ரேக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன. நடுப்பகுதிக்கு ஏற்றபடி இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது தேயாத ஓரங்கள் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்தும் ஸ்டீரிங் தானாகத் திரும்பாது. ஐந்து நிமிட வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆபத்தை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ரேக்கையே தொட வேண்டிய நிலை ஒன்று உண்டு. அதன் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அதன் கிளிப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பவர் ஸ்டீரிங் எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது. உறையின் வெளிப்புறம் நனைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; மேலே உள்ள குழாயிலிருந்து சொட்டியிருக்கலாம். உள்ளே இருப்பது கெட்டியான கிரீஸ் என்றால் அது எண்ணெய்க் கசிவே அல்ல. எண்ணெய்தான் என்று உறுதியானால், உள்ளே தெரியும் எஃகுத் தண்டை நகத்தால் வருடுங்கள். வழவழப்பாக இருந்தால் உங்கள் ரேக்குக்கே புது சீல் போடலாம். துருவும் கீறலும் நகத்தில் தட்டினால் புது சீலையும் அது கிழித்துவிடும்; அப்போதுதான் வேறு ரேக்.

அந்த வேறு ரேக்கில்தான் இடைத்தரகர்களின் ஆட்டம். ஹாஃப்கட் என்பது வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த காரின் முன்பாதி. அதிலுள்ள ரேக்கின் சீலும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான். அதைக் கழுவிக் கறுப்புச் சாயம் அடித்து 'ரீகண்ட்' (புதுப்பித்தது) என்று பெயர் வைத்து, இடையில் ஒருவர் தரகும் வாங்கிக்கொள்கிறார். எந்தப் பாகம் மாற்றினார்கள், எத்தனை மாத உத்தரவாதம் என்று ரசீதில் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் நீங்களே பார்க்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம். லாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. சொந்தக் காரோ, பெரும்பாலும் கைமாறும்போதுதான் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் வாசலை மிதிக்கிறது. சாலை வரி புதுப்பிக்கக் காப்புறுதி இருந்தால் போதும். பால் ஜாயிண்ட் எப்படி இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

டை ராட் எண்ட் மாற்றினால் அன்றே சக்கரங்களின் நேர்சீரை, அதாவது அலைன்மென்ட், பாருங்கள். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஆட்டம் பால் ஜாயிண்டில் என்று தெரிந்தால், அந்தக் காரைப் பினாங்குப் பாலத்தில் ஏற்றாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். பட்டறைக்குக் கொண்டுபோக உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் இழுவை வண்டியையே கூப்பிடுங்கள். சாலையோரம் தானாக வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர், தமக்குத் தரகு தரும் பட்டறைக்குத்தான் இழுத்துப் போவார்.