உங்களுடன் வேலை பார்த்து மறைந்த ஒருவரை இன்றும் நினைத்துக்கொள்கிறீர்களா? எதனால்?

ஆமாம், எங்கள் புக்கிங் ஆபீஸ் அண்ணாச்சியை. அவர் வீட்டாரைக் கேட்காமல் பெயர் போட விருப்பமில்லை. மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு அவரை அண்ணாச்சி என்றுதான் தெரியும், அதுவே போதும்.

நான் வேலை பார்ப்பது களம்போலியில், பன்வேலுக்குப் பக்கத்தில். மும்பை நகருக்குள் கர்நாக் பந்தரில் இருந்த இரும்பு வியாபாரத்தை இங்கே மாற்றியபோது லாரிகளும் கூடவே வந்துவிட்டன. புனே எக்ஸ்பிரஸ்வே இங்கிருந்துதான் தொடங்குகிறது. நாவா சேவா துறைமுகமும் பக்கம். டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்று நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வண்டிகள் இங்கே எப்போதும் நிற்கும். அவற்றுக்கு ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பிப் போகும்போது ஏற்றிப் போகச் சரக்கு, பிடித்துக் கொடுப்பது எங்கள் ஆபீஸ் வேலை. நான் செம்பூரில் இருந்து ஹார்பர் லைன் ரயிலில் வந்து கணக்கு எழுதுகிறவள். அண்ணாச்சி தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வண்டி அனுப்புவது, பார்ட்டியிடம், அதாவது சரக்கு அனுப்பும் கம்பெனியிடம், ரேட் பேசுவது, டிரைவர்களின் போனை எடுப்பது எல்லாம் அவர்.

டிரைவர்களுக்கு நல்லது செய்கிறவர்கள் இங்கே நிறைய உண்டு. கண் பரிசோதனை முகாம் நடத்துவார்கள், மழைக்காலத்தில் போர்வை கொடுப்பார்கள். அண்ணாச்சியும் அதில் போய் நின்று ஒத்தாசை செய்வார். ஆனால் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது வேறொன்று, டிரைவரின் நேரம். "லாரிக்காரன் தூக்கம் ரோட்டுல கெடல, கம்பெனி கேட்டுல கெடுது" என்பார்.

முதலில் எனக்கு இது விளங்கவில்லை. கணக்கு எழுத எழுதத்தான் புரிந்தது. லோடு ஏற்றக் காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். வண்டி போய் நிற்கும். உள்ளே விட மாட்டார்கள். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை எடுத்து முன்னால் விட வேண்டும், அதனால் கேபினில் காலை நீட்டிப் படுக்கவும் வழியில்லை. கக்கூஸ் உள்ளே இருக்கும், வாட்ச்மேன் விட மாட்டார். ராத்திரி லோடு முடிந்து, தார்ப்பாய் கட்டி, எல்.ஆர். என்கிற சரக்கு ரசீது கையில் வரும்போது பத்து, பதினொரு மணி. அப்போது "நாளன்னைக்குக் காலையில அங்க இருக்கணும்" என்பார்கள். பகல் முழுக்க வெயிலில் விழித்திருந்த ஆள் அந்த நேரத்தில்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். விடியற்காலையில் கண்டாலா மலையில் ஏதாவது ஆனால் பேப்பரில் "டிரைவர் கண் அயர்ந்தார்" என்று ஒரு வரி வரும். அதற்கு முந்தின பகலில் அவர் எத்தனை மணி நேரம் கேட்டில் நின்றார் என்பது எந்தச் செய்தியிலும் வராது.

நின்ற நேரத்துக்குக் காசும் கிடையாது. நம் பக்கத்து டிரைவர்கள் நிறையப் பேருக்கு மாதச் சம்பளம் இல்லை, நடைக்கு இவ்வளவு என்று படிதான். வண்டி நின்றால் அவர் வருமானமும் நின்றுவிடும். அப்புறம் விட்ட நாளைப் பிடிக்க ராத்திரி பகலாக ஓட்டுவார். இந்த வேகத்தைப் பேராசை என்று சொல்பவர்களிடம் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். மற்றபடி அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு என்றது. நெடுந்தூர ஓட்டத்துக்கு நாளைக்கு 10 மணி நேரம் வரை விலக்கு இருந்தது. ஆனால் அது 5 பேராவது வேலை செய்கிற நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. எங்களிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்களுடையவை. அவர்கள் அதற்குள் வரவே இல்லை.

அதனால் அண்ணாச்சி செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். ஒரு நீள நோட்டுப் போட்டார். வண்டி நம்பர், கேட்டுக்கு வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், லோடு முடிந்த நேரம், வெளியே வந்த நேரம். டிரைவர் அந்தந்த நேரத்தில் ஆபீஸுக்கு ஒரு போன் போட வேண்டும், அவ்வளவுதான். "ஏம்மா, அவன் என்ன சொல்றான்னு எழுதாத, மணிய மட்டும் எழுது" என்று என்னிடம் சொல்வார். மாதக் கடைசியில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் அந்தக் கணக்கைத் தனித் தாளில் எழுதி, ஹால்டிங், அதாவது வண்டியை நிறுத்தி வைத்ததற்கான காசு, எவ்வளவு ஆகிறது என்று போட்டு, சரக்கு வாடகை பில்லோடு சேர்த்து வைப்பார். சிலர் கிழித்துப் போட்டார்கள். சிலர் போனில் கத்தினார்கள். அவர்கள் இந்தியில், மராத்தியில், எதில் கத்தினாலும் அண்ணாச்சி அதே மொழியில் நிதானமாகப் பதில் சொல்வார்: பணம் தர வேண்டாம் சேட், வண்டியை வந்த அன்றே உள்ளே விடுங்கள், நான் இந்தத் தாளை அனுப்ப மாட்டேன்.

இரண்டு மூன்று பார்ட்டிகள் உண்மையாகவே மாறினார்கள். ஒருவர் கேட்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயும் கக்கூஸும் கட்டினார். எல்லாரும் மாறினார்கள் என்று சொன்னால் அது பொய்.

வண்டி உரிமையாளர்களோடுதான் அவருக்குப் பெரிய வாக்குவாதம். பார்ட்டி ஹால்டிங் கொடுத்தால் அது உரிமையாளர் கணக்கில் போகும், நின்ற ஆளுக்கு ஒன்றும் வராது. அதில் ஒரு பங்கு டிரைவருக்குப் போக வேண்டும் என்று கேட்டார். வண்டிக் கடன் டியூ கட்டவே முடியாத ஒற்றை வண்டிக்காரரிடம் இதைக் கேட்பது நியாயமா என்று எனக்கு அப்போது சந்தேகம் இருந்தது. இப்போதும் எனக்கு முழுசாகத் தெளிவில்லை. ஆனால் ஒற்றை வண்டிக்காரர்கள்தான் முதலில் ஒத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர்கள். நிறைய வண்டி வைத்திருந்தவர்கள்தான் மழுப்பினார்கள்.

2021 ஜனவரி முதல் ஈ-வே பில் கணக்கு மாறியது. சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு அது, தூரத்தைப் பொறுத்து இத்தனை நாள்தான் செல்லும். அதுவரை 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதன்பின் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 10 நாள் இருந்தது 5 நாளாகிவிட்டது. ஓடுகிற வண்டிக்கு 5 நாள் தாராளம். ஆனால் லோடு பாதி ஏறும் முன்பே பில் போட்டுவிட்டு வண்டியைக் கேட்டுக்குள்ளேயே நிறுத்தி வைத்தால் அந்த நாளும் டிரைவர் தலையில்தான் விழுகிறது. லோடு முடியாமல் பில் போடக் கூடாது என்று அண்ணாச்சி பார்ட்டிகளிடம் ஒரே பிடியாக நின்றார்.

2020 மார்ச் ஊரடங்கை இங்கே சொல்லாமல் போக முடியாது. 25-ம் தேதி எல்லாம் நின்றது. இறக்க ஆள் இல்லை, தாபாக்கள் மூடிவிட்டன, சரக்கோடு நம் ஊர் வண்டிகள் மார்க்கெட்டிலேயே மாட்டிக்கொண்டன. நம் டிரைவர்கள் சமையல் பெட்டியும் ஸ்டவ்வும் கூடவே வைத்திருப்பார்கள் என்பதால் முதல் சில நாள் ஓடியது. பிறகு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி வந்துவிட, அண்ணாச்சியால் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. ஆபீஸ் மேசையிலேயே படுத்து, தெரிந்த மளிகைக் கடைக்காரரிடம் தன் பொறுப்பில் கடன் சொல்லி, வண்டி வண்டியாக அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். ஏப்ரல் நடுவில், ஒரு லாரிக்கு இரண்டு டிரைவரும் ஒரு உதவியாளரும் போகலாம் என்று உள்துறை அமைச்சக உத்தரவு வந்தது. அதை மராத்தியிலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டி அனுப்பினார். நான் செம்பூரில் வீட்டுக்குள் இருந்தபடி போனில் கணக்கு எழுதிக்கொண்டேன். அந்த மாதக் கணக்கில் ஓட்டமே இல்லை, நின்ற நேரம் மட்டும்தான்.

ராசிபுரம் பக்கத்து டிரைவர் ஒருவர் சோலாப்பூர் ரோட்டில் இறந்துபோனபோது, இழப்பீட்டுக்கு மும்பைக்கு அலைய வேண்டும் என்று அவர் மனைவியிடம் யாரோ சொல்லி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து முடிக்கப் பார்த்தார்கள். அண்ணாச்சி அந்த அம்மாவுக்கு ஊருக்கே போன் போட்டார். "தாயி, எதுலயும் கையெழுத்துப் போடாதீய" என்றுதான் ஆரம்பித்தார். அப்போது இருந்த 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், இறந்தவரின் குடும்பம் தாங்கள் வசிக்கும் ஊர்ப் பக்கத்து இழப்பீட்டு ஆணையரிடமே மனுப் போட முடிந்தது, விபத்து நடந்த இடத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வண்டியின் கட்டாய இன்சூரன்ஸிலேயே சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான இந்தப் பொறுப்பும் அடங்கும். மனுப் போட இரண்டு வருட அவகாசமும் அப்போது இருந்தது. இதையெல்லாம் அவர் எங்கேயும் படித்துப் பட்டம் வாங்கவில்லை. வக்கீல்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். அந்த அம்மாவுக்குப் பணம் வர நாளாயிற்று, ஆனால் வந்தது.

2022-ல் அவர் போய்விட்டார், சிறுநீரகக் கோளாறு. காரியத்துக்கு மார்க்கெட்டில் இருந்து ஆட்கள் வந்தார்கள், டிரைவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எங்கெங்கோ ரோட்டில் இருந்தார்கள். அதற்குப் பிறகு பல மாதங்கள், அசாம் போய்விட்டு, குஜராத் போய்விட்டு, ஒரு சுற்று முடித்துக் களம்போலிக்கு வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி எங்கீங்கக்கா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தம்பி அவருக்கென்று வாங்கி வந்த திருநெல்வேலி அல்வாவை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் நிச்சயம் சந்தோஷப்பட்டிருப்பார். அடுத்த கேள்வியும் அவரிடம் தயாராக இருந்திருக்கும். கேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிற ஐந்தாறு மணி நேரத்துக்கு அந்த ஏசி எதற்கு ஆகும்? டீசல் எரித்து ஏசி போட எந்த உரிமையாளர் விடுவார்?

நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நேரம் அனுப்பச் சொல்லிவிட்டேன், கேட்டை போட்டோ எடுத்தும் போடுகிறார்கள், பார்ட்டிகளால் மறுக்க முடிவதில்லை. எங்கள் எல்.ஆர். தாளில் வந்த நேரம், வெளியேறிய நேரம் என்று இரண்டு கட்டம் அச்சடித்து, பார்ட்டி கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம். சிலர் இன்னும் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த ரேட் பேசும்போது ஹால்டிங்கை முன்கூட்டியே சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் குடோனோ தொழிற்சாலையோ வைத்திருப்பவராக இருந்தால், இன்று கேட்டில் நிற்கும் லாரி எத்தனை மணிக்கு வந்தது என்று வாட்ச்மேனிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.