கோழிக்கூட்டில் பெரிய முயல் வளர்க்கலாமா?

கேள்வி: என் 10 வயது மகள், பெரிய இன முயல் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வளவில் பழைய கோழிக்கூடு சும்மா கிடக்கிறது. தகரக் கூரை, கம்பிவலைத் தளம். அதில் விட்டு, மிஞ்சும் சோறு, பாண், கோவா இலை போட்டு வளர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று வாங்குவதா, சோடியாக வாங்குவதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: முயல் வாங்குங்கள் சகோதரி, ஆனால் அந்தக் கூட்டில் விடாதீர்கள்.

ஃபிளெமிஷ் ஜயன்ட் போன்ற இனங்கள் வளர்ந்தால் 6, 7 கிலோ, சிலது அதற்கும் மேலே போகும். 2010இல் கின்னஸில் பதிவான டேரியஸ் என்ற முயலின் நீளம் 129 சென்ரிமீற்றர். உங்கள் மகள் பார்த்தது அந்தப் படமாகக்கூட இருக்கலாம். ‘ஜயன்ட்’ என்று விற்கப்படும் வெள்ளைக் குட்டி, 4, 5 கிலோவோடு நின்றுவிடும் நியூசிலாந்து வெள்ளையாகவும் இருக்கக்கூடும். தாய் தகப்பனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்படிச் சிறிய இனமாகவே அமைந்தாலும், என்னைக் கேட்டால், உங்களுக்கு அது வசதிதான்.

பெரிய பிரச்சினை வெயில். முயலுக்கு வியர்க்காது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். 20 பாகைக்குக் கீழே சுகமாக இருக்கும் பிராணி அது, 30ஐத் தாண்டினால் திணறிப்போகும். உடம்பு பெருக்கப் பெருக்கச் சூடு இறங்குவதும் கடினம். சித்திரை, வைகாசியில் மத்தியானம் அந்தத் தகரத்துக்குக் கீழே உங்களாலேயே நிற்க முடியாது. ஆகவே வீட்டுக்குள், சீமெந்து நிலம் குளிர்ந்திருக்கும் ஒரு மூலையைக் கொடுங்கள். மின்விசிறியும் வேண்டும். மின்சாரம் நின்றால் உதவ, சோடாப் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, காது சுடுகிறதா, வீணீர் வடிகிறதா? ஈரத்துணியால் காதை நனைத்துக்கொண்டே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டாம்.

அடுத்தது கம்பிவலை. முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போன்ற மெத்தை கிடையாது, மயிர் மட்டும்தான். இவ்வளவு பாரத்தோடு கம்பியில் குந்தியிருந்தால் பின்னங்கால் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். அந்தப் புண் இலேசில் ஆறாது. வெறும் சீமெந்தும் நல்லதல்ல. மேலே சாக்கோ பழைய பாயோ விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். வீட்டில் மாமியார் இருந்தால் இந்த இடத்தில் ஒரு பேச்சு கேட்க வேண்டிவரும், தயாராக இருங்கள்.

சோறும் பாணும் வேண்டவே வேண்டாம், வயிறு கெடும். தின்பதில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அதைத் தேய்க்கவும் புல்தான் வேண்டும். கடையில் விற்கும் வெளிநாட்டு உலர்புல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. கினியாப்புல்லை வெட்டி நிழலில் காயவைத்தால் போதும். அறுகம்புல், கொத்தமல்லி இலை, அளவாக முருங்கையிலை எல்லாம் தின்னும். கோவா கொஞ்சமாக, கரட் எப்போதாவது. ஒன்றில் மட்டும் கவனம்: வெங்காயம், புகையிலைத் தோட்ட வரம்பில் புல் அறுக்காதீர்கள், மருந்தடித்த புல்லாக இருக்கும். வெங்காயத்தாளே முயலுக்கு ஆகாது. ஆட்டுக்குப் போடும் இப்பில்-இப்பில் குழையையும் அள்ளிப் போடாதீர்கள், மயிர் கொட்டும்.

காலையில் அது குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே மென்மையான புழுக்கையை வாயால் எடுத்துத் தின்பதைப் பார்த்து மகள் அருவருக்கலாம். அது நோயல்ல. சத்தை இரண்டாம் முறை எடுக்கும் வழக்கம் அது. அரை நாளாக எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் கிடந்தால்தான் அவசரம். அந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் அமொக்சிசிலினைக் கரைத்துப் பருக்கிவிடாதீர்கள். வாயால் கொடுத்தால் முயலைக் கொல்லக்கூடிய மருந்து அது.

மகள் நிலத்தில் உட்கார்ந்து விளையாடட்டும், தூக்க வேண்டாம். பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் முயல் உதறும், அந்த உதறலிலேயே முதுகெலும்பு முறியக்கூடும்.

சரி, ஒன்றா சோடியா? முயல் துணை தேடும் பிராணிதான். ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் 31 நாளில் குட்டி, ஒரு ஈற்றில் ஏழெட்டுக்கூட வரும். குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவதும் சுலபமல்ல. அதனால் முதலில் ஒன்றோடு தொடங்குங்கள். முற்பணம் கொடுக்க முன், முயலுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வீர்களா என்று உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பெண் முயலுக்கு வயது போகக் கருப்பைப் புற்றுநோய் வருவது சாதாரணம் என்பதால், ஒன்றே ஒன்று வளர்த்தாலும் அந்தக் கேள்வி தேவை. அவர் ‘ஓம்’ என்றால் ஐப்பசி மழை தொடங்கிய பிறகு குட்டியைக் கொண்டுவாருங்கள். அடுத்த சித்திரைக்குள் அது வீட்டுக்குப் பழகிவிடும்.