பிரியாணியை விடுங்கள், தொதலுக்கு வாருங்கள்

பண்டிகைக்கும் குடும்ப விசேஷத்துக்கும் வீட்டிலேயே செய்கிற உங்கள் ஊர்ப் பலகாரம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைக்காரி. ஊர்ப் பேரைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர்கள் "அப்ப பிரியாணிதான்!" என்று பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரில் விசேஷப் பிரியாணி வீட்டுச் சமையலே இல்லை. கல்யாணம் என்றால் பண்டாரி என்கிற விசேஷச் சமையல்காரர் வருவார், கூடவே அவருடைய ஆட்கள் வருவார்கள். கொல்லையில் விறகடுப்பு மூட்டி தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தை ஏற்றினால் அது அவர்கள் ராஜ்ஜியம். உப்பு பார்க்கக்கூட எங்களைக் கூப்பிட மாட்டார்கள். வீட்டுப் பெண்கள் கையில் மிஞ்சுவது தேங்காய்ப்பாலும் அரிசிமாவும். அதை வைத்துச் செய்வதுதான் தொதல், வட்டலப்பம், ஓட்டுமாவு, தக்கடி எல்லாம். இதில் முதல் மரியாதை தொதலுக்கு, அதாவது தேங்காய்ப்பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுகிற கறுத்த இனிப்புக்கு.

தொதலைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும், கடைசியில் அது இறுகும்போது துடுப்பு அசையவே அசையாது. அதற்கு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லாததற்கு ஒரு காரணம் உண்டு. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பது இங்கே பல குடும்பங்களில் வழக்கம். அதனால் உம்மா (அம்மா) வீடு, அடுத்தது சாச்சி (சித்தி) வீடு, எதிரே லாத்தா (அக்கா) வீடு என்று ஒரே தெருவில் பெண் வழிச் சொந்தம் முழுக்கக் குடியிருக்கும். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வீட்டில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டால் போதும், அரிவாள்மனையும் துருவுபலகையும் தானாக வந்து சேரும்.

அளவு கேட்பவர்களுக்கு: அரை கிலோ பச்சரிசி மாவு, முற்றின தேங்காய் ஐந்து, கருப்பட்டி ஒரு கிலோ, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், முந்திரி. சிலர் கொஞ்சம் ஜவ்வரிசியும் சேர்ப்பார்கள், அது பல்லில் தட்டுப்படுவது எனக்குப் பிடிக்காது. நெய் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யூடியூபில் 'அரை மணி நேரத்தில் தொதல்' என்று கார்ன்ஃப்ளாரையும் கால் கிலோ நெய்யையும் கொட்டிக் கிண்டிக் காட்டுகிறார்கள். ருசியாக இருக்கலாம், ஆனால் அது அல்வா. தொதலுக்கு வேண்டிய எண்ணெய் ஐந்து தேங்காய்க்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே வரவைக்கத்தான் அத்தனை நேரக் கிண்டல்.

கருப்பட்டி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பனங்காடு. மாசி, பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பித்தால் ஆனி வரைக்கும் கருப்பட்டி காய்ச்சுவார்கள். அந்தப் பருவத்தில் தெரிந்த ஆளிடம் சொல்லி வைத்து வாங்கிப் பானையில் போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கடையில் பளபளவென்று ஒரே நிறத்தில் அடுக்கியிருப்பதில் சீனி கலந்தது அதிகம், அது தொண்டையில் தித்திப்பாக மட்டும் நிற்கும். நல்ல கருப்பட்டியில் தித்திப்புக்குப் பின்னால் ஒரு லேசான கரிப்பு வரும். எதுவானாலும் தட்டிப் போட்டுத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டாமல் சட்டியில் சேர்க்காதீர்கள். அடியில் மணல் நிற்கும்.

செய்முறை இதுதான். தேங்காயைத் துருவி முதல் பால் தனியாக, இரண்டாம், மூன்றாம் பால் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பின் எடுத்த பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கருப்பட்டிப் பாகையும் உப்பையும் சேர்த்து, அடி கனத்த உருளியில் ஊற்றிக் கிண்டத் தொடங்குங்கள். முதல் அரை மணி நேரம் பாயசம் மாதிரி தளதளவென்று இருக்கும், யார் வேண்டுமானாலும் கிண்டலாம், சிறுபிள்ளைகளுக்கும் துடுப்பைக் கொடுப்போம். கெட்டியாகிற நேரத்தில் முதல் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அங்கிருந்து பேச்சு குறைந்துவிடும். "கையை நிறுத்தாதடி, அடி பிடிச்சா அஞ்சு தேங்காயும் போச்சு" என்று சாச்சி மட்டும் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

பிறகு ஓரத்தில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெரியும். பலரும் அதைப் பார்த்ததும் இறக்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்தப் பொட்டுகள் ஒன்று சேர்ந்து ஓரம் முழுக்க எண்ணெய் கட்டி நிற்க வேண்டும். நிறம் கருப்பட்டி நிறத்திலிருந்து கருகருவென்று மாறும், துடுப்பை இழுத்தால் மொத்தமும் உருளியை விட்டுப் பெயர்ந்து கூடவே வரும். இந்தக் கட்டத்தில்தான் காக்காமாரையும் (அண்ணன்மாரையும்) மச்சான்மாரையும் கூப்பிடுவோம். ஒருவர் உருளியின் காதைத் துணி வைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நின்றுகொண்டு கிண்டுவார். மேலே நிற்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்து வைத்துக்கொள்ளுங்கள், முந்திரியை அதிலேயே வறுத்துப் போடலாம். வாழையிலையில் ஒரு துளி வைத்து ஆறவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் இறக்கலாம்.

இந்தப் பலகாரம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இலங்கை, மலேசியா, இந்தோனேசியா எல்லா இடத்திலும் உண்டு. அம்பாந்தோட்டைப் பக்கம் சாலையோரக் கடைகளில் கித்துல் என்கிற ஒரு வகைப் பனையின் கருப்பட்டி போட்டுக் கிண்டி விற்கிறார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 1964 புயல் வரைக்கும் கப்பல் ஓடிய கரை இது, எங்கள் பக்கத்துக் கடல் வணிக முஸ்லிம்களான மரைக்காயர்கள் அதற்குப் பல நூறு வருஷம் முன்பிருந்தே மரக்கலம் விட்டவர்கள். யாரிடமிருந்து யார் படித்தார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

அத்தனை பாடு முடியாது என்பவர்கள் வட்டலப்பம் செய்யலாம். பெருநாள் காலையில் இடியாப்பத்தோடு இதைத்தான் முதலில் வைப்போம். முட்டை பத்து, ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப்பால், சீனி சுமார் 400 கிராம், அரைத்த முந்திரி, ஏலம். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் கலக்கி வடிகட்டி, தட்டு போட்டு மூடி, சின்னத் தீயில் ஆவியில் வேகவையுங்கள். தீ கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகித் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு (பக்ரீத்) மறுநாள் தக்கடி, அதாவது அரிசிமாவுப் பிடிகள் போட்ட கறிக்குழம்பு. குர்பானிக் கறியை மூன்று பங்கு வைத்துச் சொந்தத்துக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தது போக, எலும்பும் கொழுப்புமாக வீட்டில் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. வறுத்த அரிசிமாவில் தேங்காய்ப்பூ, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், சோம்பு, உப்பு சேர்த்து, கொதிக்கிற கறிக்குழம்பிலேயே இரண்டு கரண்டி எடுத்து ஊற்றிப் பிசைந்து கையால் பிடித்து வைப்போம். குழம்பு தண்ணியாகத்தான் இருக்க வேண்டும், பிடிகளைப் போட்ட பிறகு மாவு கரைந்து தானே கெட்டிப்படும். போட்டவுடன் கரண்டியை விட்டால் எல்லாம் உடைந்து கூழாகிவிடும், மூடி போட்டுப் பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். காரத்துக்கு எங்கள் மாவட்டத்துக் குண்டு மிளகாய். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் என்று பேப்பரில் போட்டார்களே, அதேதான். நீள மிளகாயில் குழம்புக்கு அந்த வாசம் வராது.

ஓட்டுமாவு பற்றி ஒரு வரி. அரிசிமாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசறி, உதிர உதிர வறுத்து, நெய்யும் சீனியும் கலந்து டப்பாவில் அடைப்பது. துபாய்க்கும் சவுதிக்கும் திரும்பிப் போகிறவர்கள் பெட்டியில் கட்டாயம் இருக்கும்.

கடலோர ஊர்க்காரி மீனைப் பற்றிப் பேசவே இல்லையே என்பீர்கள். மீன் எங்களுக்குத் தினசரிச் சாப்பாடு, விசேஷத்துக்கு அதை யாரும் பெருமையாக வைப்பதில்லை. தவிர, கல்யாணம் குவிகிற மே மாதத்தில் விசைப்படகு கடலுக்கே போகாது, ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி.

இதை வாசித்துவிட்டுக் கீழக்கரைக்கு வந்து தொதல் வாங்கப் போகிறவர்களுக்கு: கருப்பட்டித் தொதலா சீனித் தொதலா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டும் கிடைக்கும். ஓலைக் கொட்டானில் கட்டிக் கொடுத்தால் அதையே எடுங்கள், காற்று போகும். பிளாஸ்டிக் டப்பாவில் சூடாகப் போட்டு மூடினால் வேர்த்து நாலே நாளில் பூஞ்சை பிடிக்கும். பிரிட்ஜில் வைக்க வேண்டாம், கல்லாகிவிடும். வெளியே வைத்தே ஒரு வாரம் பத்து நாள் தாங்கும், அதுவரை மிச்சமிருந்தால்.