மூன்று ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே: நம்பிச் சேரலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். இயற்பியலும் கணிதமும் நன்றாக வரும்; தத்துவம், வரலாறு என்றாலும் உயிர். அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, பாதிக்கும் மேல் உதவித்தொகையோடு இடம் தந்திருக்கிறது. "இங்கே மூன்று ஆண்டு, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு இன்ஜினியரிங், முடிவில் இரண்டு பட்டம்" என்கிறார்கள். நம்பிச் சேரலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

பதில்: சேரலாம். ஆனால் கொலம்பியாவை நம்பிச் சேராதீர்கள். அந்தச் சின்னக் கல்லூரியிலேயே நான்கு ஆண்டும் படித்து முடித்தாலும் மகளுக்குத் திருப்தி என்றால் மட்டும் சேருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் நம் ஊர் 'ஆர்ட்ஸ் குரூப்' ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே அப்படி இல்லை. இயற்பியல், கணிதம், வேதியியல் எல்லாம் அதற்குள்தான் வரும். கூடவே இலக்கியமும் தத்துவமும் படிக்கலாம். பெரும்பாலான இத்தகைய கல்லூரிகளில் இல்லாதது இன்ஜினியரிங். அந்தக் குறையை நிரப்பத்தான் பெரிய பல்கலைக்கழகங்களோடு இந்த '3-2' ஒப்பந்தங்கள். புதிய கடைச்சரக்கு இல்லை, பழைய ஏற்பாடுதான். அட்லாண்டாவில் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் போன்ற கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகள் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1969 முதல் இதை நடத்துகின்றன. நியூயார்க்கில் உள்ள கொலம்பியாவும், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஏராளமான கல்லூரிகளோடு கைகோத்திருக்கின்றன.

கையேட்டில் கொலம்பியா பெயரைப் பார்த்ததும் இடம் உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் சறுக்கல். குறிப்பிட்ட மதிப்பெண் சராசரியும் முன்தகுதிப் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி என்ற ஏற்பாடு கொலம்பியாவில் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அந்த உறுதி கிடையாது. மற்றவர்களைப் போல விண்ணப்பித்து, போட்டியில் ஜெயித்துத்தான் உள்ளே போக வேண்டும். ஒப்பந்தம் என்பது கதவு இருக்கிறது என்ற தகவல்தான். சில பல்கலைக்கழகங்களில் நிபந்தனையை நிறைவேற்றினால் நிஜமாகவே இடம் உண்டு. உங்களுக்குக் காட்டப்படும் ஒப்பந்தம் எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, தகுதி பெறுவது எவ்வளவு கஷ்டம்? முதல் செமஸ்டரிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. கால்குலஸ் மூன்று கட்டம், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல் குறைந்தது இரண்டு செமஸ்டர், வேதியியல், ஒரு கணினி நிரலாக்கப் பாடம். இவ்வளவும் மூன்று ஆண்டுக்குள் முடிய வேண்டும். இதன் மேல் கல்லூரியின் பொதுப் பாடங்கள், மேஜர் (முதன்மைத் துறை) பாடங்கள், பல இடங்களில் ஓர் அயல்மொழி. (தமிழைக் காட்டி அயல்மொழிப் பாடத்தில் விலக்குக் கேட்டுப் பாருங்கள்; சில கல்லூரிகள் தருகின்றன.) மற்றவர்கள் நான்கு ஆண்டில் படிப்பதை உங்கள் மகள் மூன்றில் முடிக்க வேண்டும். மதிப்பெண்ணும் குறையக் கூடாது, நான்குக்கு 3.3 அளவிலாவது சராசரி வேண்டியிருக்கும்.

இதில் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. சின்னக் கல்லூரியில் ஆசிரியர்கள் குறைவு. மேல்நிலை இயற்பியல் பாடங்கள் சில ஒரு ஆண்டு விட்டு ஒரு ஆண்டுதான் நடக்கும். மகளுக்குப் பிடித்த தத்துவ வகுப்பும் இயற்பியல் லேபும் ஒரே செவ்வாய்க்கிழமை மதியத்தில் மோதும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் முதல் ஆண்டில் வேதியியலை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைத்தான். அவன் குறி கெமிக்கல் இன்ஜினியரிங். அதற்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வேண்டும். அதைத் தொடப் பொது வேதியியல் இரண்டு செமஸ்டர் முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டின் நடுவில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது செமஸ்டர் போதவில்லை. ஒரே ஒரு பாடம்தான் தள்ளிப்போனது, திட்டமே கைவிட்டுப் போயிற்று. ஆகவே சேருவதற்கு முன்பே கல்லூரியின் பாடப்பட்டியலை எடுத்து, ஆறு செமஸ்டருக்கும் ஆறு கட்டம் போட்டு, பாடங்களை மகளையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் இன்டெக்ரேஷன் வரை படித்திருப்பதால் கல்லூரி வைக்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் முதல் கால்குலஸைத் தாண்டிவிட வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு செமஸ்டர் லாபம் இந்தத் திட்டத்தில் தங்கம்.

இப்போது பணம். முதல் கல்லூரி தரும் உதவித்தொகை முதல் கல்லூரியோடு நின்றுவிடும். மகளோடு நியூயார்க்குக்கு வராது. அங்கே போனால் உதவி தருவதும் மறுப்பதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். சின்னக் கல்லூரியில் தங்குமிடம், சாப்பாடு உட்பட ஆண்டுச் செலவு 80,000 டாலர், உதவித்தொகை 45,000, நீங்கள் கட்டுவது 35,000 என்று வையுங்கள். நான்கு ஆண்டும் அங்கேயே இருந்தால் 1,40,000. மூன்று ஆண்டு இருந்துவிட்டு, உதவி இல்லாமல் ஆண்டுக்கு 90,000 வீதம் இரண்டு ஆண்டு பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தால் 2,85,000. கட்டண உயர்வைச் சேர்க்காமலே இரட்டிப்புக்கு மேல். இந்தத் திட்டத்தை நினைத்துச் சேர்பவர்களில் பலர் கடைசியில் மாறாமல் நின்றுவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம் எளிமையானது: நான்காம் ஆண்டு, கூட்டாளிகள் எல்லாரும் அங்கே இருக்கும்போது இவர் மட்டும் பெட்டி கட்ட வேண்டும். இருபது வயதில் அது லேசான விஷயம் இல்லை.

கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால் இதையும் யோசியுங்கள். வங்கி ஒரு கல்லூரியின் கட்டண விவரத்தைப் பார்த்துத்தான் கடன் தருகிறது. பல்கலைக்கழகம் மாறும்போது புதிய ஐ-20 படிவம் (மாணவர் விசாவுக்காகக் கல்வி நிறுவனம் தரும் சான்று) வேண்டும். அதற்குப் புதிய இடத்தின் செலவுக்கு ஈடான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டின் கடைசியில், வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி வங்கிக்கு ஓடும்படி ஆகிவிடக் கூடாது.

அடுத்து, பட்டம் எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். பெரும்பாலான 3-2 ஒப்பந்தங்களில் இரண்டு பட்டமும் ஐந்தாம் ஆண்டு முடிவில்தான். நான்காம் ஆண்டில் உடம்புக்கு முடியாமலோ பணம் இல்லாமலோ திரும்பி வந்தால் அந்த நேரத்தில் கையில் ஒரு பட்டமும் இருக்காது. இந்த விஷயத்தில் டார்ட்மவுத் கல்லூரியின் முறை எனக்குப் பிடித்தது. பௌடன், மிடில்பரி, வாசர் போன்ற கல்லூரி மாணவர்கள் மூன்றாம் ஆண்டை டார்ட்மவுத்தில் கழிக்கிறார்கள், நான்காம் ஆண்டு சொந்தக் கல்லூரிக்கே திரும்பி நண்பர்களோடு பட்டம் வாங்குகிறார்கள், பிறகு ஐந்தாம் ஆண்டு டார்ட்மவுத்தின் தேயர் இன்ஜினியரிங் பள்ளியில் பி.இ. முடிக்கிறார்கள். கொலம்பியாவிலேயே '4-2' என்று இன்னொரு வழி உண்டு: முதல் பட்டத்தை முழுசாக முடித்துவிட்டுப் போவது. ஆறு ஆண்டு ஆகும், ஆனால் அந்தரத்தில் தொங்க வேண்டாம்.

விசாவைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை உலவுகிறது. இரண்டு பட்டம் என்றால் படிப்புக்குப் பிறகு வேலை பார்க்க இரண்டு மடங்கு காலம் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓ.பி.டி. எனப்படும் அந்த 12 மாத அனுமதி ஒரு கல்வி நிலைக்கு ஒரு முறைதான். இரண்டும் இளநிலைப் பட்டம் என்பதால் ஒன்றுதான் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு இயற்பியல் பட்டத்துக்கே கிடைத்துவிடும். அதாவது வேலை அனுமதியைப் பொறுத்தவரை ஐந்தாம் ஆண்டால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. அதே பணத்தில் முதுநிலை படித்தால் அது அடுத்த நிலை. புதிதாக ஓர் ஓ.பி.டி. கிடைக்கும்.

அதனால்தான் பலருக்கும் நான் சொல்லும் வழி வேறு: நான்கு ஆண்டில் இயற்பியல் முடித்துவிட்டு, இன்ஜினியரிங்கில் எம்.எஸ். செய்யலாம். எலக்ட்ரிகல், கம்ப்யூட்டர், மெட்டீரியல்ஸ் போன்ற துறைகளில் இயற்பியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். விட்டுப்போன சில பாடங்களை முதலில் படிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் மகளின் கனவு பாலம் கட்டுவது, கட்டடம் வடிவமைப்பது என்றால் கதை மாறும். அமெரிக்காவில் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் 'புரொஃபஷனல் இன்ஜினியர்' உரிமத்துக்கு, ஏபெட் (ABET, இன்ஜினியரிங் படிப்புகளின் தரம் பார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற இளநிலை இன்ஜினியரிங் பட்டம்தான் நேர்வழி. சிவிலுக்கு 3-2 அர்த்தமுள்ளதுதான்.

இரண்டும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடங்களும் இருக்கின்றன. ஸ்வார்த்மோர், லாஃபயெட், பெண்கள் கல்லூரியான ஸ்மித் ஆகியவை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள்தான். அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங்கை உள்ளேயே வைத்திருக்கின்றன. ஊர் மாற வேண்டாம், உதவித்தொகையும் போகாது. நம் நாட்டிலேயே பிட்ஸ் பிலானியில் எம்.எஸ்சி. பொருளாதாரத்தோடு பி.இ. சேர்த்து ஐந்து ஆண்டில் முடிக்கலாம். முதல் ஆண்டு மதிப்பெண்ணைப் பார்த்து இன்ஜினியரிங் பிரிவைத் தருவார்கள். தத்துவம்தான் வேண்டும் என்பவருக்கு அது ஈடாகாது, தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அங்கே பல கல்லூரிகள் முன்பணம் கட்டிச் சேர்க்கையை உறுதிசெய்ய மே 1ஐக் கெடுவாக வைக்கின்றன. அதற்குள் அந்தக் கல்லூரியில் 3-2 திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியருக்கு (பெரும்பாலும் இயற்பியல் துறையில் ஒருவர் இருப்பார்) மகளையே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பேர் நிஜமாகவே மாறிப் போனார்கள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அங்கே உதவித்தொகை கிடைத்ததா என்று கேட்கட்டும். எண்ணிக்கையோடு பதில் வந்தால் திட்டம் உயிரோடு இருக்கிறது. "எங்களுக்குப் பல பெருமைமிக்க கூட்டாளிகள் உண்டு" என்று மட்டும் பதில் வந்தால், கொலம்பியா என்ற பெயரை அடித்துவிட்டு மிச்சமிருப்பதை வைத்து முடிவெடுங்கள்.