மரம் வெட்டியே விடிகிறது!

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பி ராத்திரியானால் மொட்டை மாடிக்குப் போய் செல்போனில் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' ஆடுகிறான். எட்டிப் பார்த்தால் மரம் வெட்டிக்கொண்டே இருக்கிறான். சண்டையும் இல்லை, கதையும் இல்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது சார்? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பிடுங்காதீர்கள் தங்கச்சி. முதலில் அவன் மாட்டியிருக்கும் கணக்கைப் பாருங்கள்.

அந்த ஆட்டத்தில் மரம் வெட்டுவது போன்ற ஒவ்வொரு தொழிலுக்கும் 99 லெவல். 99-ஐத் தொட 1,30,34,431 புள்ளி வேண்டும். 92-க்கு வந்தவன் 'இன்னும் ஏழுதானே' என்று நினைப்பான். ஆனால் அப்போது அவன் கையில் இருப்பது 65,17,253 புள்ளி. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறான்! 'யூ' மரத்தில் ஒரு கட்டைக்கு 175 புள்ளி. மிச்சப் பாதிக்கு 37 ஆயிரம் கட்டைக்கு மேல் வெட்ட வேண்டும். பையில் 28 இடம்தான். நிரம்பியதும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் பேங்குக்கு நடந்துபோய் இறக்கிவைத்துவிட்டு, திரும்ப அதே மரத்தடி. ஆடுகிறவர்கள் இதை 'கிரைண்ட்' என்பார்கள்.

மாதச் சந்தாவை நம்பி வளர்ந்தவை இந்த மாதிரி ஆட்டங்கள். ஒரே வாரத்தில் முடிந்துவிட்டால் அடுத்த மாதம் யார் பணம் கட்டுவார்கள்?

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது, மணிக்கு 20 ரூபாய் கொடுத்து இதே வேலையைச் செய்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். லெவல் ஏறியதும் தலைக்கு மேல் வாணவேடிக்கை வெடிக்கும். பக்கத்து கேபின் பையன்கூட எழுந்து வந்து பார்ப்பான். படிப்பிலோ வேலையிலோ, 'நீ பட்ட பாட்டுக்கு இவ்வளவு' என்று அன்றைக்கே யார் எடுத்துச் சொல்கிறார்கள்? உங்கள் தம்பி சோம்பேறி இல்லை. அந்த உழைப்பு போகிற இடம்தான் எனக்குக் கவலை.

2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இதே மாதிரி இன்னொரு ஆட்டத்தின் சோதனைக் கட்டத்தில், நெடுநேரம் ஆடினால் கிடைக்கும் புள்ளி குறையும்படி வைத்தார்கள். ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு, ஓய்வெடுத்துத் திரும்புகிறவர் எதிரியைக் கொன்றால் இரட்டிப்புப் புள்ளி என்று மாற்றினார்கள். உங்கள் தம்பியின் ஆட்டத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. அதை நீங்கள்தான் வீட்டில் செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனையாவது லெவல்டா?" என்று கேளுங்கள். ராத்திரிக்கு இரண்டு பை, அப்புறம் தூக்கம் என்று பேசி முடிவு பண்ணுங்கள். பாதிப் பையில் பிடுங்கினால் கோபம்தான் மிஞ்சும். காசு கொடுத்து வேறொருவனை வைத்து லெவல் ஏற்றும் யோசனை அவனுக்கு இருந்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். பிடிபட்டால் அவனுடைய ஆட்டக் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.