ரிசர்வ் செய்த மெமரி யாருடையது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

லினக்ஸ் கர்னல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எம்பெடட் போர்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் போர்டில் உள்ள டிஎஸ்பிக்காக (சிக்னல்களைக் கையாளும் தனி ப்ராசஸர்) டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் விவரங்களைக் கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) 16 எம்பி மெமரியை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதைப் பயன்படுத்தும் டிரைவரை என் சக ஊழியர் எழுதியிருக்கிறார். முகவரியை டிவைஸ் ட்ரீயிலிருந்து எடுக்கிறது, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து அளவைக் கணக்கிடுகிறது, மெம்ரீமேப் செய்கிறது (அந்த மெமரியை கர்னல் தொடும்படி ஆக்குகிறது), அது தவறியதா என்று ஐஎஸ்_எரர் வைத்துப் பார்க்கிறது. கோட் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. போர்டில் நன்றாகவே ஓடுகிறது. "பார்த்துட்டு ரிவ்யூட்-பை போட்டுடு, மெயின்லைன் கர்னலுக்கு அனுப்பிடலாம்" என்கிறார் டீம் லீட்.

இரண்டு தடவை படித்தேன். தவறாக எதுவும் தெரியவில்லை. ஆனால் எதைத் தேடுவது என்று தெரியாமல்தான் படித்தேன் என்பது எனக்கே தெரிகிறது. நாளைக்கு ஏதாவது உடைந்தால் கிட் வரலாற்றில் பரிசீலித்தவர் என்று என் பெயர் நிற்குமே என்ற பயமும் இருக்கிறது. இந்த வகை நிரலை (கோட்) எப்படிப் படிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன ஒரே வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். கர்னலில் ஒரு ரிசோர்ஸின் 'முடிவு' என்பது அந்தப் பகுதியின் கடைசி பைட்டையும் சேர்த்தது. 1000-இல் தொடங்கி 1999-இல் முடியும் பகுதியின் அளவு 1000. வெறுமனே கழித்தால் 999 வரும். ரிசோர்ஸ்_சைஸ் என்ற சிறு ஃபங்ஷன் இருப்பதே இதற்காகத்தான். இந்தத் தவறு எவ்வளவு சாதாரணம் என்றால், அதைத் தேடிப் பிடிக்கவே கர்னலுக்குள் ஒரு காக்சினெல் (கோடில் பிழை வடிவங்களைத் தேடும் கருவி) ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். அடுத்தது, மெம்ரீமேப் தோற்றால் நல் (எதையும் சுட்டாத வெற்று பாயிண்டர்) தரும். டெவ்எம்_மெம்ரீமேப் தோற்றால்தான் பிழை எண்ணைச் சுமந்த எரர் பாயிண்டர் தரும். நல்லை ஐஎஸ்_எரரிடம் கொடுத்தால் 'பிழை இல்லை' என்று சொல்லிவிடும். மேப் செய்ய முடியாத அன்றைக்கு உங்கள் டிரைவர் நல் பாயிண்டரில் எழுதி கர்னலைச் சாய்க்கும். உங்கள் போர்டில் அந்த நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இவை ஒரு பட்டியலை வைத்துப் பிடித்துவிடக் கூடியவை. நீங்கள் கேட்டது எப்படிப் படிப்பது என்று. இந்த வகைக் கோடை நான் ஒரே கேள்வியோடு படிக்கிறேன்: பவர் போட்ட நொடியிலிருந்து டிரைவர் கழற்றப்படும் நொடி வரை, ஒவ்வொரு கட்டத்திலும் இந்த மெமரி யார் கையில் இருக்கிறது? பேட்ச் (அனுப்பப்படும் கோட் மாற்றம்) இந்தக் கதையின் நடுப்பகுதியை மட்டுமே காட்டும். தொடக்கம் கர்னலுக்கு முன் ஓடும் ஃபர்ம்வேரிலும் டிவைஸ் ட்ரீயிலும் இருக்கிறது. முடிவு பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கும்.

'ரிசர்வ்' என்ற சொல் கொடுக்கும் நம்பிக்கையை முதலில் சந்தேகியுங்கள். கர்னல் எழும்போது மெம்பிளாக் என்ற ஆரம்பகட்ட அலக்கேட்டர் (மெமரியைப் பங்கிடும் பகுதி) இரண்டு பட்டியல்கள் வைத்துக்கொள்கிறது. ஒன்று இருக்கும் மெமரி, இன்னொன்று யாருக்கும் கொடுக்கக் கூடாத மெமரி. உங்கள் 16 எம்பி இரண்டாவதில் சேர்கிறது. கர்னல் தன் அலக்கேட்டர் வழியாக அதை வேறு யாருக்கும் கொடுக்காது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, வேலி இல்லை. ஒரு முகவரிப் பகுதியைத் தன் பெயரில் பதிந்துகொள்ளும் ரிக்வெஸ்ட்_மெம்_ரீஜியன் செய்வதும் டிரைவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம் மட்டுமே. கேட்காமல் மேப் செய்யும் டிரைவரை அது தடுக்காது. டிஎம்ஏ (சிபியு இல்லாமல் நேரடியாக மெமரியைத் தொடுவது) செய்யும் இன்னொரு கருவி தவறான முகவரியில் எழுதினால் தடுக்கக் கூடியது, கருவிகள் எந்த முகவரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ போன்ற வன்பொருள் மட்டும்தான். அது உங்கள் சிப்பில் இருக்கிறதா, டிஎஸ்பி அதற்குப் பின்னால்தான் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, டிவைஸ் ட்ரீக்கு வருவோம். உங்கள் கேள்வியின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது. ரிசர்வ்டு-மெமரி நோடின் கீழ் வரும் பகுதிக்கு நோ-மேப் என்று போடலாம், ரீயூசபிள் என்று போடலாம், இரண்டும் போடாமலும் விடலாம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. எது சரி என்பது டிரைவர் கோடைப் பார்த்தால் தெரியாது.

இரண்டும் இல்லாவிட்டால் அந்தப் பகுதி கர்னலின் வழக்கமான நேரடி மேப்பில் (ரேமைக் கர்னல் எப்போதும் தொடும்படி வைத்திருக்கும் அமைப்பு) இருக்கும். யாரும் அதைத் தொடாவிட்டாலும் சிபியு தொடலாம். இன்றைய சிபியுக்கள், மேப் ஆகியிருக்கும் எந்த முகவரியையும் ஊகத்தின் பேரில் முன்கூட்டியே படித்துப் பார்க்கும் உரிமை பெற்றவை. சாதாரண மெமரி என்றால் பரவாயில்லை. அந்த 16 எம்பியில் ஒரு பகுதியை ஃபர்ம்வேர் ட்ரஸ்ட்ஸோன் (ஏஆர்எம் சிப்களின் பாதுகாப்பு வசதி) மூலம் பூட்டியிருந்தால், அந்த ஊகப் படிப்பே அபார்ட்டில் (வன்பொருள் எழுப்பும் பிழையில்) முடியலாம். அப்போது கிடைக்கும் பேக்ட்ரேஸில் (அந்த நேரத்தில் ஓடிய ஃபங்ஷன்களின் பட்டியலில்) உங்கள் டிரைவரின் பெயர்கூட இருக்காது. பக்கத்து மெமரியைப் படித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு அப்பாவி ஃபங்ஷன் மாட்டிக்கொள்ளும். எப்போதோ ஒரு முறை வரும், மறுபடி வரவழைக்க முடியாது. நோ-மேப் இருப்பது இதற்காக: நேரடி மேப்பில் இதைச் சேர்க்காதே, டிரைவர் கேட்டால் மட்டும் தனியாக மேப் செய்து கொடு.

அதற்காக எல்லாவற்றுக்கும் நோ-மேப் போட்டுவிடுவதும் சரியல்ல. கேஷ் (சிபியுவின் வேகமான தற்காலிக மெமரி) இல்லாத மேப்பிங் வேண்டும் என்று ஒருவர் மெம்ரீமேப்புக்குப் பதில் ஐஓரீமேப் செய்திருப்பார். ஏஆர்எம் 64-இல் கர்னல் மேப் செய்து வைத்திருக்கும் ரேமுக்கு அது மறுத்துவிடும். உடனே அவர் நோ-மேப் சேர்த்து மறுப்பை வாயடைத்துவிட்டுப் போவார். கர்னல் மறுத்தது ஒரு கேள்வி. அதற்கான பதில் கமிட் மெசேஜில் இருக்க வேண்டும்: டிஎஸ்பி நம் கேஷோடு ஒத்திசைவாக இருக்கிறதா இல்லையா, இல்லையென்றால் கேஷையும் மெமரியையும் சிங்க் செய்வது யார்? உங்கள் நண்பரின் பேட்ச்சில் அந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் அதை எழுதச் சொல்லுங்கள். ரிவ்யூ செய்பவரால் செய்ய முடிந்த பெரிய உதவி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோட் மாறிக்கொண்டே இருக்கும். ஏன் இப்படி எழுதினோம் என்பது அங்கே மட்டும்தான் தங்கும்.

ரீயூசபிள் வேறு ஒரு கதை. 2012-இல் லினக்ஸ் 3.5-இல் வந்த சிஎம்ஏ, ஒதுக்கிய பகுதி சும்மா கிடக்கும்போது அதை நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு (மெமரியின் சிறு துண்டுகளுக்கு) கடன் கொடுக்கிறது. டிரைவர் கேட்கும்போது அவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு இடத்தைத் திருப்பித் தருகிறது. நல்ல யோசனை. ஆனால் யாராவது ஒரு பக்கத்தைப் பிடித்துவைத்திருந்தால் நகர்த்த முடியாது, அலக்கேஷன் தோற்கும். புதிதாக பூட் செய்த போர்டில் இது கிட்டத்தட்ட வராது. நாள்கணக்கில் ஓடி மெமரி நிறைந்த போர்டில் வரும். ரீயூசபிள் பார்த்தால், எவ்வளவு நேரம் ஓடவிட்டுச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கோடில் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு கர்னலுக்குள்ளேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஒதுக்கிய பகுதிகளின் விவரங்களை வைக்க ஒரு நிலையான அரே இருந்தது. முதலில் 16 இடம், பிறகு 32, பிறகு 64. நிறைந்துவிட்டால் லாகில் ஒரு வரி வரும், அதற்கு மேலுள்ள பகுதிகள் பதிவாகாது. மெமரி ஒதுங்கியிருக்கும், ஆனால் அதைத் தேடும் டிரைவருக்குக் கிடைக்காது. தேவைக்கேற்ப அலக்கேட் செய்தால் என்ன என்று தோன்றும். அந்தக் கட்டத்தில் பேஜ் டேபிள் (எந்த முகவரி எந்த மெமரியைக் குறிக்கிறது என்ற அட்டவணை) இன்னும் அமைக்கப்படவில்லை, அலக்கேட் செய்தாலும் எழுத முடியாது. பேஜ் டேபிளை முதலில் அமைக்கலாமே என்றால், எந்தப் பகுதிகள் நோ-மேப் என்று தெரியாமல் அமைக்கக் கூடாது. 2025 ஜனவரியில் வெளியான 6.13-இல்தான் இதைப் பிரித்தார்கள். நிலையான முகவரி உள்ள பகுதிகளை முதலில் ஒதுக்குவது மட்டும் நடக்கும், பேஜ் டேபிள் வந்தபின் தேவையான அளவுக்கு அரே அமைத்து விவரங்களை நிரப்புவார்கள். அந்த மாற்றத்தைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று யோசித்தபடி படித்தால், ரிவ்யூ செய்வதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

முடிவுப் பகுதி சுருக்கமானது, ஆனால் அதிகம் மறக்கப்படுவது. டிவைஸ் ட்ரீ நோடை எடுத்த இடத்துக்கெல்லாம் அதைத் திருப்பித் தரும் ஓஎஃப்_நோட்_புட் இருக்கிறதா? ப்ரோப் (டிரைவர் தொடங்கும் கட்டம்) பாதியில் தோற்றால் எடுத்த வரிசைக்கு நேரெதிராக எல்லாம் திரும்புகிறதா? டிரைவரைக் கழற்றும்போது டிஎஸ்பி நின்றுவிட்டதா, அல்லது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா? கெக்செக் (ஓடும் கர்னலிலிருந்து நேராக இன்னொரு கர்னலுக்கு மாறுவது) மூலம் புதிய கர்னல் வந்தால் ஷட்டவுன் கால்பேக் டிஎஸ்பியை நிறுத்துகிறதா?

அப்புறம், உங்கள் பயம். கர்னல் ஆவணத்தில் ரிவ்யூட்-பைக்கு என்ன பொருள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியாகப் பரிசீலித்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், அவர் பதில்கள் எனக்குத் திருப்தி, பெரிய ஆட்சேபம் மிச்சமில்லை என்பதே நீங்கள் கொடுக்கும் வாக்கு. எல்லாச் சூழலிலும் இது சரியாக ஓடும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை என்றும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே பிற்பாடு ஒரு பிழை வெளிப்பட்டால் அது உங்களுக்கு அவமானம் இல்லை. எதைத் தேடுவது என்று தெரியாமல் படித்துவிட்டு பெயர் போடுவதைத்தான் நீங்கள் மறுக்க வேண்டும். டீம் லீடிடம் அதை நேராகச் சொல்லலாம். ஒரு பகுதி மட்டும் புரிந்தது என்றால், அந்தப் பகுதியை மட்டும் பார்த்தேன் என்று எழுதினாலும் அது மதிப்புள்ள ரிவ்யூதான்.

உங்கள் பதிலில் முதலில் அளவுக் கணக்கையும் நல் சோதனையையும் வரிக்கு அடியிலேயே எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: இந்தப் பகுதிக்கு நோ-மேப் இருக்கிறதா, ஏன்? கேஷ் சிங்க் யார் பொறுப்பு? ரிமூவில் (டிரைவரைக் கழற்றும் ஃபங்ஷனில்) டிஎஸ்பியை நிறுத்துவது எந்த வரி? போர்டில் /ப்ராக்/ஐஓமெம் (முகவரிப் பகுதிகளின் பட்டியல்) வெளியீட்டையும் கேட்டு வாங்குங்கள், உங்கள் 16 எம்பி அதில் எப்படிக் காட்டப்படுகிறது என்று தெரியும். ரூட்டாக எடுக்கச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு முகவரிகள் எல்லாம் பூஜ்யமாகத்தான் வரும்.