பழைய காரில் சார்ஜ் ஏறவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: சார், பேட்டரி புதுசு. ஆனாலும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஆல்டர்னேட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. அதற்குக் காசைச் செலவழிக்கும் முன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் தனி சார்ஜரில் ஏற்றுங்கள். காலி பேட்டரியை வைத்துச் செய்யும் சோதனையை நம்ப முடியாது. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.4-லேயே நின்றால் ஏறவில்லை.

ஏறவில்லை என்றாலும் உடனே ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டிலும், மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு இடையிலுள்ள வயர் வழியில்தான். இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையிலும் அதேபோல் பாருங்கள், அங்கே 0.2 கூட அதிகம். இவ்விரண்டையும் இணைக்கும் எர்த் பட்டை வெளியே பளிச்சென்று இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

கேள்வி: சாவி போட்டால் சிவப்பு பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. நல்லதுதானே?

பதில்: இல்லை. இன்ஜின் ஓடாதபோது அது எரிந்தே ஆகவேண்டும். பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், உள்ளே சுழலும் ரோட்டரைக் காந்தமாக்கும் முதல் மின்சாரமே அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜ் தொடங்காது, அல்லது நன்றாக ரேஸ் பண்ணினால்தான் தொடங்கும். பல்பு நன்றாக இருந்தும் எரியாவிட்டால், ஆல்டர்னேட்டரில் விளக்குக்கான மெல்லிய வயரைக் கழற்றி இன்ஜின் பிளாக்கில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் வயர் சரி. பெரும்பாலும் ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். கவனம், சில வண்டிகளில் பக்கத்திலேயே பேட்டரியிலிருந்து நேராக வரும் மெல்லிய வயர் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் ஷார்ட்.

கேள்வி: புது பேட்டரி போட்டும் காலையில் டவுன். ஆல்டர்னேட்டரா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். இன்ஜின் நிற்கவில்லை. அப்படியானால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, சரிதானே?

பதில்: ஐயா, இதை மட்டும் செய்யாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வேகமாகச் சார்ஜ் ஏறும் நேரத்தில் பேட்டரியைத் துண்டித்தால் ரோட்டரின் காந்தம் உடனே அடங்காது. அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். ஆல்டர்னேட்டரில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் பலியாகும். இவ்வளவு செய்தும் எதுவும் நிரூபணமாகாது. ஒரு டயோடு போன ஆல்டர்னேட்டரிலும் இன்ஜின் ஓடும்.

கேள்வி: எங்கள் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பார்த்தோம். ஒரு வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லையே!

பதில்: உங்கள் காலத்து வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டைனமோ இருந்தது. அதில் டயோடே கிடையாது. அன்றைய பழக்கம் இன்றைய ஆல்டர்னேட்டருக்கு ஒத்துவராது.

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் வண்டி. கம்ப்யூட்டரே இல்லை. நான் கழற்றலாம்தானே?

பதில்: கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் என்ன, டயோடு இருக்கிறதே! அது கார்புரேட்டரைப் பார்த்து இரக்கப்படாது. மீட்டரை வைத்து அரை நிமிடத்தில் தெரிந்துகொள்ளும் விஷயத்துக்கு ஏன் இந்தச் சாகசம்? இந்த விவாதம் போதும்.

கேள்வி: மீட்டர் 15.6 காட்டுகிறது, அழுகிய முட்டை நாற்றம் வேறு.

பதில்: இன்ஜினை அணையுங்கள். பேட்டரி கொதிக்கிறது, பக்கத்தில் தீப்பொறி கூடாது. ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஏசி குளிரவில்லை.

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: சார்ஜ் 14.2 ஏறுகிறது. ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி.

பதில்: நல்ல கேள்வி. அப்படியானால் எங்கோ கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து இடையில் இணையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது மீட்டர் அளவு விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். டிக்கி விளக்கு அணையாமல் கிடப்பது சகஜம். எல்லாப் பியூஸையும் பிடுங்கியும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். குறைந்தால் உள்ளே டயோடு கசிகிறது.

கேள்வி: புது பேட்டரி சார், காலையில்...

பதில்: முதல் பதில்.